நாய்களில் அறுவைக்கால மழிப்பும் தோல் பராமரிப்பும்

நாய்களில் அறுவைக்கால மழிப்பு என்பது, அறுவை மருத்துவத்துக்கு முன்னர் நாயின் உடலில் கீறல் இடப்படவுள்ள பகுதியையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் மயிர் நீக்கித் தூய்மைப்படுத்தும் செயல் ஆகும். மழிக்கப்பட்ட தோலில் சிவப்பு, அரிப்பு, சிறு பொரிகள், உலர்ந்து உரிதல் ஆகியவை தோன்றுவது உண்டு. இதனைக் கால்நடை மருத்துவர்கள் பொதுவாக மழிப்பு எரிச்சல் அல்லது கத்தி எரிச்சல் என்பர். பெரும்பாலும் இது சில நாட்களில் தானே ஆறிவிடும். ஆனால் நாய் அவ்விடத்தை நக்கினாலோ சொறிந்தாலோ தையல் பிரிதல், புண்ணில் தொற்று, புழு வைத்தல் ஆகிய கடுமையான சிக்கல்களுக்கு இதுவே தொடக்கமாக அமையக்கூடும். ஆகவே இயல்பான எரிச்சலையும் ஆபத்தான மாற்றத்தையும் வேறுபடுத்தி அறிவது நாய் வளர்ப்போருக்கு இன்றியமையாதது.

மழிப்பதன் தேவை

நாயின் மயிரில் மண், உண்ணி, பாக்டீரியா, எண்ணெய்ப் பசை ஆகியவை தங்கியிருக்கும். கிருமிநாசினி தோலை முழுமையாகத் தொடுவதற்கு மயிர் தடையாக உள்ளது. மேலும், கீறலுக்குள் மயிர் விழுந்தால் அது அயற்பொருளாக இருந்து புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். இக்காரணங்களால் கீறல் இடப்படும் கோட்டிலிருந்து எல்லாப் பக்கங்களிலும் தாராளமான இடைவெளி விட்டு மழிப்பது வழக்கம்.

மழிக்கப்படும் இடம் மருத்துவத்தைப் பொறுத்து வேறுபடும். பெண் நாய்க்குக் கருப்பை நீக்கும் அறுவையில் அடிவயிற்றின் நடுக்கோடோ விலாப்புறமோ மழிக்கப்படும். ஆண் நாய்க்கு விதைப்பையின் முன்பகுதியும், எலும்பு முறிவு அறுவையில் ஏறத்தாழ முழுக் காலும் மழிக்கப்படலாம். நரம்பு வழி மருந்து செலுத்துவதற்காக முன்னங்காலில் ஒரு சிறு பகுதியும் மழிக்கப்படும். வீட்டார் வயிற்றுத் தையலை மட்டும் கவனித்து, காலில் மழித்த இடத்தை நாய் நக்கிப் புண்ணாக்குவதைக் காணத் தவறுவது உண்டு.

மழிப்பதற்கு மின்மழிப்பானே ஏற்றது. அறுவைக்குப் பயன்படும் 40 எண் கத்தி ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் மயிரை மட்டுமே விட்டுவைக்கும். சவரக்கத்தி தோலின் மேற்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்குவதால் அது தவிர்க்கப்படுகிறது. முதல்நாளே மழித்துவைப்பதும் தவறு. அக்கீறல்களில் பாக்டீரியா பெருகுவதற்குப் போதிய நேரம் கிடைத்துவிடும். எனவே அறுவைக்குச் சற்று முன்னர், நாய் மயக்கத்தில் இருக்கும்போது மழிப்பதே பரிந்துரைக்கப்படும் முறை ஆகும்.

நாயின் தோல் அமைப்பு

நாயின் உடலில் மயிர் அடர்ந்த பகுதிகளில் மேற்தோல் மிக மெல்லியது. அங்கு அது பெரும்பாலும் 3 முதல் 5 உயிரணு அடுக்குகளையே கொண்டது. மனிதரின் மேற்தோல் இதனைவிடத் தடிமனானது. நாயைப் பொறுத்தவரை வெயில், உராய்வு, பூச்சி ஆகியவற்றிலிருந்து காக்கும் பணியின் பெரும்பகுதியை மயிர்ப்போர்வையே செய்கிறது. போர்வையை நீக்கும்போது, அத்தகைய காப்புக்குப் பழகாத தோல் திடீரென வெளிப்படுகிறது.

மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை உடையது. நாயின் தோலோ நடுநிலைக்கு நெருக்கமானது. மனிதருக்கான சோப்பும் ஷாம்பூவும் நாய்க்கு ஒவ்வாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மேலும், நாயின் ஒரு மயிர்த்துளையிலிருந்து ஒரு தடித்த மயிரும் பல மெல்லிய மயிர்களும் ஒன்றாக வெளிவரும். இக்கூட்டு மயிர்க்கால்களில் ஏற்படும் அழற்சியே மழித்த இடத்தில் சிறு பொரிகளாகத் தெரிகிறது.

நலமான நாயின் தோலிலும் *ஸ்டஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ்* என்னும் பாக்டீரியாவும், *மலசீசியா* என்னும் ஈசுட்டு வகைப் பூஞ்சையும் வாழ்கின்றன. தோல் சிதையாதவரை இவை தீங்கு செய்வதில்லை. தோல் சிதைந்து, ஈரமும் சூடும் சேரும்போது இவையே தொற்றை உண்டாக்குகின்றன.

எரிச்சலின் காரணங்கள்

* வெப்பம்: தொடர்ந்து ஓடும் மழிப்பானின் கத்தி உராய்வினால் சூடேறும். சூடான கத்தி தோலைத் தீய்க்கும்.
* மழுங்கிய கத்தி: மழுங்கிய அல்லது பல் உடைந்த கத்தி மயிரை வெட்டாமல் இழுக்கும், தோலைச் சுரண்டும்.
* அழுத்தம்: ஒரே இடத்தில் பலமுறை அழுத்தி ஓட்டுவதால் மேற்தோல் உரியும். தொடையிடுக்கு, காம்புகளின் சுற்றுப்புறம் போன்ற மடிப்புள்ள இடங்களில் இது எளிதில் நிகழும்.
* கிருமிநாசினி: குளோர்எக்சிடின், போவிடோன் அயோடின், சாராவி ஆகியவை அறுவைக்கு முன் தோலில் தேய்க்கப்படுகின்றன. சில நாய்களுக்கு இவை ஒவ்வாமை தரும். நுரை சரியாகத் துடைக்கப்படாமல் உலர்ந்தாலும் எரிச்சல் உண்டாகும்.
* ஒட்டுநாடா: கட்டுப் போடப் பயன்படும் நாடாவின் பசை, மழித்த தோலை உரிக்கக்கூடும்.
* மயிர் முளைத்தல்: குட்டையாக வெட்டப்பட்ட மயிர் மீண்டும் முளைக்கும்போது தோலைக் குத்தி அரிப்பைத் தரும்.

வேறுபடுத்தி அறிதல்

மழித்த தோலில் காணப்படும் எல்லாச் சிவப்பும் ஒரே வகையானது அன்று. அது தோன்றிய நாளும் அதன் வடிவமும் காரணத்தை அறிய உதவும்.

* *மழிப்பு எரிச்சல்* சில மணி நேரம் முதல் இரண்டு நாட்களுக்குள் தோன்றும். சிவப்பு, மழிப்பான் ஓடிய தடத்தைப் பின்பற்றிப் பட்டைகளாகக் காணப்படும். நாளுக்கு நாள் குறையும்.
* *கிருமிநாசினி ஒவ்வாமை* மருந்து தடவிய பரப்பு முழுவதும் சீராகச் சிவந்து காணப்படும்.
* *தையல் இடத் தொற்று* பெரும்பாலும் சில நாட்கள் கழித்தே வெளிப்படும். சிவப்பு தையலை ஒட்டி இருக்கும். வீக்கமும் சூடும் வலியும் நாளுக்கு நாள் கூடும். சீழோ கெட்ட வாடையோ சேரலாம்.
* *கன்றல்* அறுவையின்போது தோலடியில் கசிந்த குருதியால் உண்டாவது. கருநீலமாகத் தொடங்கி, பச்சை, மஞ்சள் என நிறம் மாறி மறையும்.
* *படர்தாமரை* தூய்மை செய்யப்படாத கத்தியின் வழியாகப் பரவக்கூடிய பூஞ்சைத் தொற்று. வாரங்கள் கழித்து வட்ட வடிவில் செதிலுடன் தோன்றும். மனிதருக்கும் பரவும்.
* *ஊசிமுனைக் குருதிப்புள்ளிகள்* கீறலுக்குத் தொலைவில், வயிற்றுத் தோலில் பரவலாகச் செந்நிறப் புள்ளிகளாகக் காணப்படுவன. அழுத்தினால் மறையா. இவை எரிச்சல் அல்ல. உண்ணிகளால் பரவும் எர்லிக்கியா நோயில் குருதித்தட்டுகள் குறைவதால் இவ்வாறு ஏற்படலாம். மயிர் மூடியிருந்தவரை தெரியாத இவ்வறிகுறி, மழித்த பின்னரே கண்ணில் படுவதும் உண்டு. உடனே குருதிச் சோதனை தேவை.

நாள்தோறும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தொலைவிலிருந்து கைப்பேசியில் படம் எடுத்து ஒப்பிடுவது பயனுள்ள வழி. நேற்றைவிட இன்று குறைந்துள்ளதா, கூடியுள்ளதா என்பதே மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வியாகும்.

பராமரிப்பு முறைகள்

*நக்குவதைத் தடுத்தல்*

பராமரிப்பில் முதன்மையானது இதுவே. நாயின் எச்சிலுக்குப் புண்ணை ஆற்றும் ஆற்றல் உண்டு என்னும் நம்பிக்கை பரவலாக உள்ளது. ஆனால் சொரசொரப்பான நாக்கு மெல்லிய மேற்தோலை உரித்துவிடும். வாயிலுள்ள பாக்டீரியாக்கள் புண்ணுக்குள் செல்லும். ஈரம் தங்கிய தோல் ஊறி, சில மணி நேரத்திலேயே உள்ளங்கை அளவு ஈரப்புண்ணாக மாறக்கூடும்.

இதனைத் தடுக்கக் கூம்பு வடிவக் கழுத்துப்பட்டை அணிவிக்கப்படுகிறது. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் அணியப்பட்ட அகன்ற கழுத்தணியை ஒத்திருப்பதால் இது எலிசபெத் பட்டை எனப்படுகிறது. கூம்பின் விளிம்பு மூக்கின் நுனியைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும். கழுத்துக்கும் பட்டைக்கும் இடையே இரு விரல்கள் நுழைய வேண்டும். இரவில் கழற்றிவிடுவது தவறு. வீட்டார் உறங்கும் நேரமே நாய் நக்குவதற்கு வாய்ப்பான நேரம். உணவு, நீர்க் கிண்ணங்களைச் சற்று உயர்த்தி வைத்தால் பெரும்பாலான நாய்கள் பட்டையுடனேயே உண்ணப் பழகும்.

வயிற்றுப் பகுதிக்கு மட்டும் எனில், மென்மையான பருத்திச் சட்டை அணிவிக்கலாம். அது சாயம் ஏற்றாததாகவும் நாள்தோறும் துவைத்து வெயிலில் உலர்த்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

*குளிர் ஒற்றடம்*

கொதிக்கவைத்து ஆறிய நீரில் தூய துணியை நனைத்துப் பிழிந்து, சிவந்த தோலின்மீது 5 முதல் 10 நிமிடங்கள் வைத்து எடுக்கலாம். நாள் ஒன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முறை போதுமானது. துணியைத் தேய்க்கக்கூடாது. தையல் கோட்டின்மீது ஈரம் படக்கூடாது. பனிக்கட்டியை நேரடியாக வைத்தல் மெல்லிய தோலுக்குத் தீங்கானது. ஒற்றடத்துக்குப் பின் உலர்ந்த துணியால் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும்.

*தூய்மை*

தையலுக்கு அப்பால் தோலில் அழுக்கு ஒட்டியிருந்தால் உப்புநீரால் துடைக்கலாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு 9 கிராம் உப்பு என்பது உடல் நீர்மங்களை ஒத்த அளவு. கூடுதலாக உப்புச் சேர்த்தால் எரியும். தையல் பிரிக்கும்வரை, அதாவது பொதுவாக 10 முதல் 14 நாட்கள் வரை, நாயைக் குளிப்பாட்டக்கூடாது.

*மருந்துகள்*

எளிய எரிச்சலுக்குப் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. அரிப்பு மிகுதியாக இருந்தால் நக்கினாலும் தீங்கு செய்யாத பூச்சு மருந்தையோ குறுகிய கால மாத்திரையையோ மருத்துவர் தருவார். தூய்மையான அறுவைக்குப் பிந்தைய வெறும் தோல் சிவப்புக்கு நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் பயன் தருவதில்லை. தேவையின்றி அவற்றைத் தருவது, வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ் வகைகள் பெருக வழிசெய்யும். பின்னர் உண்மையிலேயே தொற்று ஏற்படும்போது மருந்து பலனளிக்காமற் போகலாம்.

தவிர்க்க வேண்டியவை

* சாராவி, ஐதரசன் பேரொட்சைடு: இவை உரிந்த தோலில் கடும் எரிச்சலைத் தருவதுடன், ஆறிவரும் உயிரணுக்களையும் அழிக்கும்.
* நீர்க்காத டெட்டால், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு: இவை தோலைப் பொசுக்கக்கூடியவை.
* துத்தநாக ஆக்சைடு களிம்பு: குழந்தைகளின் தோல் சிவப்புக்குப் பயன்படுவது. நாய் இதனை நக்கி விழுங்கினால் வாந்தியும், மிகுந்தால் குருதிச் சிவப்பணுச் சிதைவும் ஏற்படும்.
* ஸ்டீராய்டு கலந்த களிம்புகள்: மனிதரின் படை, சொறிக்கு மருந்துக்கடைகளில் வாங்கப்படும் பல களிம்புகளில் வீரியமிக்க ஸ்டீராய்டு உள்ளது. இது சிவப்பை மறைத்தாலும் தையல் இடம் கூடுவதைத் தாமதப்படுத்தும், தொற்றை வளரவிடும்.
* தேங்காய் எண்ணெய், நெய், மஞ்சள் குழம்பு: எண்ணெயின் மணமும் சுவையும் நாயை நக்கத் தூண்டும். குழைத்துப் பூசிய மஞ்சள் தையலை மறைத்துவிடுவதால் சீழ் பிடிப்பது வெளியே தெரியாது.
* வலி மாத்திரைகள்: மனிதருக்கான வலி மருந்துகளை வீட்டாரே நாய்க்குக் கொடுப்பது உயிருக்கு ஆபத்தானது. பாராசிட்டமால் மிகுந்தால் கல்லீரலைச் சிதைக்கும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை இரைப்பைப் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது, பிணந்தின்னிக் கழுகுகளின் அழிவைத் தடுக்கும்பொருட்டு 2006 ஆம் ஆண்டு இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. மனிதருக்கான மாத்திரை இன்றும் பல வீடுகளில் இருப்பதால் எச்சரிக்கை தேவை.

மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டிய நிலைகள்

பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டாலும் காத்திருக்கக்கூடாது.

1. மூன்று நாட்களுக்குப் பின்னும் சிவப்பு குறையாமல் இருத்தல் அல்லது பரவுதல்.
2. சீழ், கெட்ட வாடை, தொடர்ந்து சொட்டும் நீர்மம் அல்லது குருதி.
3. தையல் பிரிதல், தையலுக்கு அடியில் பந்து போன்ற வீக்கம்.
4. ஈ மொய்த்தல், முட்டை அல்லது புழு தென்படுதல்.
5. உணவு மறுத்தல், சோர்வு, காய்ச்சல், ஈறு வெளுத்தல்.
6. உடலில் பரவலான குருதிப்புள்ளிகள்.

தையலின் வழியே உள்ளுறுப்பு எதுவும் தென்பட்டால், ஈரமான தூய துணியால் மூடி, நாய் நக்காதவாறு பிடித்துக்கொண்டு உடனடியாகக் கொண்டுசெல்ல வேண்டும். உள்ளே தள்ள முயலக்கூடாது.

வெப்பப் பகுதிகளில் பராமரிப்பு: பொதட்டூர்பேட்டை

திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணிக்கு அருகே ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள பொதட்டூர்பேட்டை ஒரு நெசவாளர் ஊர் ஆகும். திருத்தணிப் பகுதி தமிழ்நாட்டில் கோடை வெப்பம் மிகுந்த இடங்களுள் ஒன்று. கத்திரி வெயில் காலத்தில் இங்கு வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். இத்தகைய ஊர்களில் மழித்த தோலுக்கு மூன்று தனிப்பட்ட இடர்கள் உள்ளன.

முதலாவது வெயில். மயிரற்ற தோல் விரைவில் வெந்துவிடும். வெண்ணிற மயிரும் இளஞ்சிவப்புத் தோலும் கொண்ட இராசபாளையம் நாய்களுக்கு இது மிகவும் பொருந்தும். காலை வெயில் ஏறுமுன்னும் மாலை வெயில் தாழ்ந்த பின்னுமே நாயை வெளியே கொண்டுசெல்ல வேண்டும். சூடேறிய சிமெண்டுத் தரையில் மழித்த வயிறு படுமாறு படுக்க விடக்கூடாது.

இரண்டாவது ஈக்கள். இந்தியாவில் காணப்படும் *கிரைசோமியா பெசியானா* என்னும் ஈ, உயிருள்ள விலங்கின் புண்ணோரத்தில் முட்டையிடும். ஒரு நாளுக்குள் வெளிவரும் புழுக்கள் உயிருள்ள தசையைத் தின்று உள்ளே துளைக்கும். நக்கி ஈரமாகிய சிறு உரசல் புண்ணே இதற்குப் போதுமானது. புழுப்புண்ணில் அந்துருண்டைப் பொடியை இடும் வழக்கம் ஊர்ப்புறங்களில் உண்டு. அந்துருண்டையின் நாஃப்தலீன் நாய்க்கு நச்சு. நக்கி விழுங்கினால் குருதிச் சிவப்பணுக்கள் சிதையும். புழுக்களை அகற்றுவதை மருத்துவரிடமே விட வேண்டும். தையல் பிரிக்கும்வரை நாயை வீட்டினுள், ஈ புகாத இடத்தில் வைத்திருப்பதே சிறந்த தடுப்பு.

மூன்றாவது தூசி. தறி ஓடும் வீடுகளில் பறக்கும் பஞ்சிழை, களிம்பு பூசிய தோலில் ஒட்டிப் படலமாகும். அதனால் நாயின் படுக்கையைத் தறிக்கூடத்திலிருந்து விலக்கி அமைப்பது நன்று. கோணிப்பை சொரசொரப்பானது; துவைத்த பழைய வேட்டியை மடித்து விரிப்பது மேலானது. நாள்தோறும் விரிப்பை மாற்ற வேண்டும்.

எல்லையோர ஊராதலால் இப்பகுதியிலிருந்து இரு மாநிலங்களின் உயர்நிலைக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளையும் அணுக இயலும். சென்னையில் 1903 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இயங்குகிறது. இது 1989 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. திருப்பதியில் 1955 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. ஆயினும் தொலைவு காரணமாக முதல் நாட்களின் கவனிப்பு வீட்டாரின் கையிலேயே உள்ளது. அறுவை முடிந்து நாயை அழைத்து வரும்போதே கழுத்துப்பட்டையையும், தையல் பிரிக்கும் நாளையும், ஐயம் எழுந்தால் அழைக்க வேண்டிய எண்ணையும் கேட்டுப் பெறுவது பின்னர் ஏற்படும் அலைச்சலைக் குறைக்கும்.

தெருநாய் கருத்தடைத் திட்டங்களில்

சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1960களிலிருந்தே தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை வலியுறுத்தி வந்தது. 1996 இல் சென்னை மாநகராட்சி இம்முறையை ஏற்றது. பின்னர் நடுவண் அரசு 2001 ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளை வெளியிட்டது. அவற்றுக்கு மாற்றாக 2023 ஆம் ஆண்டு புதிய விதிகள் வந்தன. அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, அடையாளமாகக் காதில் சிறு வெட்டு இட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது இம்முறையின் அடிப்படை.

வீட்டு நாய்க்குக் கழுத்துப்பட்டை அணிவிக்கவும் ஒற்றடம் இடவும் ஆள் உண்டு. தெருவில் விடப்பட்ட நாய்க்கு இவை எதுவும் இல்லை. எனவே அதன் தோல் பராமரிப்பு மழிக்கும்போதே முடிந்துவிட வேண்டியதாகிறது. கூரிய, குளிர்ந்த, ஒவ்வொரு நாய்க்கும் தூய்மை செய்யப்பட்ட கத்தி, தேவையான அளவுக்கு மட்டுமே மழித்தல், சிறிய கீறல், தோலுக்கு வெளியே முடிச்சு நீட்டாத கரையும் தையல், விடுமுன் சில நாட்கள் கூண்டில் வைத்துப் புண்ணைச் சோதித்தல் ஆகியவை இங்கு மிகுந்த முக்கியத்துவம் பெறுகின்றன. மழிப்பில் ஏற்படும் ஒரு சிறு கவனக்குறைவு, வீட்டு நாய்க்கு இரண்டு நாள் அரிப்பாகவும், தெருநாய்க்கு உயிரைப் பறிக்கும் புழுப்புண்ணாகவும் முடியலாம்.

மயிர் மீண்டும் வளர்தல்

குட்டை மயிர் கொண்ட நாய்களில் சில வாரங்களில் மயிர் முளைக்கத் தொடங்கி, ஏறத்தாழ மூன்று முதல் நான்கு மாதங்களில் பழைய நிலையை அடையும். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, இராசபாளையம் ஆகிய தமிழ்நாட்டு இனங்கள் குட்டை மயிர் கொண்டவை. நீள மயிர் இனங்களுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். சைபீரிய அசுக்கி, சவ்சவ் போன்ற குளிர்நாட்டு இனங்களில் மழித்த இடம் பல மாதங்கள் வெறுமையாகவே இருப்பது உண்டு. பெரும்பாலும் இது நோயன்று. அவற்றின் மயிர்க்கால்கள் நீண்டகாலம் ஓய்வுநிலையில் இருப்பதன் விளைவாகும்.

புதிய மயிர் முன்பைவிடக் கருத்தோ வெளுத்தோ, தன்மையில் மாறியோ தோன்றலாம். தோலும் சிலகாலம் கருமையாக இருக்கலாம். சிவப்பும் அரிப்பும் இல்லாதவரை இம்மாற்றங்களுக்கு மருத்துவம் தேவையில்லை. ஆறு மாதங்களுக்குப் பின்னும் குட்டை மயிர் இனத்தில் வளர்ச்சி தென்படாவிடில், தைராய்டு சுரப்புக் குறைவு போன்ற காரணங்களுக்காகச் சோதிக்க வேண்டும்.